ராமநாதபுரம் கடற்கரையில் நல்ல சாப்பாடு, ஒயின், பதநீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினோரு வருஷம் துபாயில் ஒரு பெரிய ஓட்டலில் பரிமாறுகிற வேலை பார்த்தேன். கடைசி நாலு வருஷம் ஒயின் பக்கம் என் பொறுப்பு. ஊர் திரும்பி உச்சிப்புளியில் வந்து உட்கார்ந்ததிலிருந்து, ராமேஸ்வரம் வருகிற சொந்தக்காரர்கள், பழைய சகாக்கள், அந்தச் சகாக்களின் சகாக்கள் என்று எல்லாரும் போனில் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. எழுதிவைத்துவிட்டால் அனுப்பிவிட்டு என் வேலையைப் பார்க்கலாம்.

ராமநாதபுரம் கடற்கரையில் ‘ஃபைன் டைனிங்’ கிடைக்குமா?

வெள்ளை விரிப்பு, ஆளுக்கு மூன்று கிளாஸ், தட்டின் நடுவில் உள்ளங்கை அளவு மீன், அதைச் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு. இதைத்தான் கேட்கிறீர்கள் என்றால், இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ராமேஸ்வரத்தில் நட்சத்திரத் தரத்தில் சில ஓட்டல்கள் வந்திருக்கின்றன. அறை சுத்தம், ஏசி சுகம். ஆனால் மெனுவைப் பிரித்தால் பனீர் பட்டர் மசாலாவும் நானும்தான் முதலில் கண்ணில் படும். காசியிலிருந்தும் குஜராத்திலிருந்தும் யாத்திரை வருகிறவர்களுக்கு அதுதானே வேண்டும், ஓட்டல்காரர்களைக் குறை சொல்ல முடியாது.

துபாயில் நாங்கள் விமானத்தில் வந்த மீனை ஐஸ் மேல் அடுக்கி, மேலே ஒரு மஞ்சள் விளக்கைப் போட்டு, விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவோம். அதைவிட நல்ல மீன் பாம்பனில் காலை ஏழு மணிக்குச் சிமெண்டுத் தரையில் கிடக்கும். அது மதியம் உங்கள் இலைக்கு வருகிற வழியைக் கண்டுபிடிப்பதுதான் இங்கே வேலை. நான் எல்லாருக்கும் சொல்வது இதுதான்: தங்குகிற இடத்தில் முந்தின நாள் சாயங்காலமே மேனேஜரைப் பிடியுங்கள். “நாளைக்கு என்ன மீன் வருதோ, அதை உங்க வீட்ல வைக்கிற மாதிரி குழம்பு வச்சுத் தர முடியுமா?” என்று கேளுங்கள். பாதிப் பேர் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள். சமையல்காரர் வடநாட்டுக்காரர் என்றாலும், பின்கட்டில் மீன் கழுவுகிற அக்கா ஒருவர் இருப்பார், குழம்பு அவர் கையில் வரும். மெனுவில் இல்லாததைக் கேட்டு வாங்கத் தெரிந்தவனுக்கு எந்த ஊரிலும் நல்ல சாப்பாடு உண்டு, துபாயிலும் அப்படித்தான்.

எந்த மாதம் வரலாம்?

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்று விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. பதநீரும் நுங்கும் மும்முரமாக வருவது சரியாக அதே நேரத்தில். கடல் மூடும்போது பனை திறக்கும். இரண்டும் ஒரே பயணத்தில் வேண்டுமென்றால் பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் முதல் வாரத்துக்குள் வந்துவிடுங்கள். வெயிலும் அப்போது மனிதன் தாங்குகிற அளவில்தான் இருக்கும்.

தடைக்காலத்தில் மீனே கிடைக்காது என்று நினைக்க வேண்டாம். நாட்டுப்படகுகளும் கரைவலையும் ஓடும். விலை கூடுதல், வகை குறைவு. தடை முடிந்து முதல் வாரம் இறாலும் நண்டும் வந்து குவியும், அப்போது வந்தவர்கள் பாக்கியசாலிகள்.

ஐப்பசி, கார்த்திகையில் மழையும் புயல் எச்சரிக்கையும் இருக்கும், அப்போது வர வேண்டாம். தை அமாவாசை, ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை மூன்றுக்கும் ராமேஸ்வரத்தில் நிற்க இடம் இருக்காது. தர்ப்பணம் கொடுக்க வருகிறவர்கள் வரட்டும், சாப்பிட வருகிறவர்கள் வேறு தேதி பாருங்கள்.

மீன் எங்கே, எந்த நேரத்தில் வாங்குவது?

பாக் விரிகுடாப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாட்கள் நாட்டுப்படகு என்று முறை வைத்திருக்கிறார்கள். விசைப்படகு போன மறுநாள் காலை ராமேஸ்வரம், மண்டபம் கரைகளில் ஏலம் களைகட்டும். நாட்டுப்படகு மீன் அளவில் கொஞ்சம்தான், ஆனால் காலையில் பிடித்தது காலையிலேயே கரைக்கு வந்துவிடும். ருசிக்கு நான் நாட்டுப்படகு பக்கம்.

ஏலத்தில் நீங்கள் நேரடியாகக் கலந்துகொள்ள முடியாது, அது வியாபாரிகளுக்கு. ஆனால் ஏலம் எடுத்த பெண்கள் அங்கேயே கூடையோடு உட்கார்ந்து பிரித்து விற்பார்கள். பேரம் பேசலாம், சிரித்துக்கொண்டே பேச வேண்டும்.

நண்டு வாங்குவதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பலர் ஏமாறுவது அதில்தான். இங்கே கிடைப்பது நீலக்கால் நண்டு. நண்டைத் திருப்பிப் போட்டு, வயிற்றுப் பக்கம் கால்கள் தொடங்குகிற இடத்தில் கட்டைவிரலால் அழுத்துங்கள். கல் மாதிரி இருந்தால் சதை இருக்கிறது. அமுங்கினால் உள்ளே தண்ணீர்தான். அப்புறம் கையில் எடுத்துப் பாருங்கள், ஒரே அளவுள்ள இரண்டில் கனமானதுதான் உங்களுடையது. பௌர்ணமிக்கு நண்டு வாங்காதே, அமாவாசைக்கு வாங்கு என்று இங்கே எல்லாரும் சொல்வார்கள். போன வருஷம் நான் அதைக் கேட்காமல் பௌர்ணமியன்று இரண்டு கிலோ வாங்கிப் போனேன். என் மனைவி ஒரு நண்டை உடைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பருப்பு ரசம் வைத்துவிட்டாள்.

மீன் பெயர்களில் ஒரு எச்சரிக்கை. சென்னைக்காரர் வஞ்சிரம் என்பதை இங்கே சீலா என்பார்கள், நெய்மீன் என்றும் சொல்வார்கள். சங்கராவைத் தேடி அலைய வேண்டாம், விளமீன் வாங்குங்கள். முள் குறைவு, சதை உதிராது, குழம்பில் போட்டால் மறுநாள் இன்னும் நன்றாக இருக்கும். குழந்தைகளுக்குக் கிழங்கான். வறுக்க ஊடகம், நகரை. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறா, புட்டாக.

பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் மீன் வேறு, அந்தப் பக்கம் மீன் வேறு என்கிறார்களே, உண்மையா?

உண்மை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வியும் இதுதான்.

ஒயின்காரர்கள் ‘டெர்வார்’ என்று ஒரு பிரெஞ்சுச் சொல்லை வைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கப் பேசுவார்கள். மண், சரிவு, வெயில், காற்று எல்லாம் சேர்ந்து பழத்தின் ருசியை முடிவு செய்கிறது என்பது அதன் சாரம். பாம்பன் பாலத்தில் நின்று வடக்கே பாருங்கள், அது பாக் விரிகுடா. ஆழம் மிகக் குறைவு, சேறும் கடல்புல்லுமான தரை, அலை சோம்பலாக இருக்கும். தெற்கே பாருங்கள், மன்னார் வளைகுடா. 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப்பாறை. 1986-இல் அந்தத் தீவுப் பகுதியைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஊரார் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் சொல்வார்கள்.

சேற்றிலும் புல்லிலும் மேய்கிற நண்டு, இறால், காரல், ஊடகம் எல்லாம் வடக்குப் பக்கத்துச் சொத்து. சதை மென்மை, லேசான தித்திப்பு. பாறை இடுக்கில் வாழ்கிற களவா, விளமீன், கிளிமீன், சிங்கி இறால் தெற்கே. சதை இறுக்கம், வாயில் போட்டால் கொஞ்சம் எதிர்த்து நிற்கும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே மசாலாவில் வறுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரப் பயணம்கூட வேண்டாம், பாலத்தின் இரண்டு பக்கமும் ஒரு கூடை வாங்கினால் போதும். இந்தியாவில் இவ்வளவு சுலபமாக இந்தப் பாடத்தைப் படிக்க வேறு இடம் எனக்குத் தெரியாது.

இந்த ஊர்க் குழம்பில் அப்படி என்ன இருக்கிறது?

குண்டு மிளகாய். கமுதி, முதுகுளத்தூர், கடலாடி பக்கத்துக் கரிசலில் மானாவாரியாக விளைவது. ராமநாதபுரம் முண்டு மிளகாய் என்ற பெயரில் 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. உருண்டையாக, தடித்த தோலோடு, கருஞ்சிவப்பாக இருக்கும். ஆட்டிப் பார்த்தால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் போடும். நீட்டு மிளகாய் நாக்கில் குத்தும், இது குத்தாது. காரம் மெதுவாகத் தொண்டைப் பக்கம் வந்து உட்காரும், மணம் முன்னால் நிற்கும்.

சோற்றை விட்டுவிட்டு ஒருநாள் காலை சித்திரைக்கார் அரிசிக் கஞ்சியும், சுட்ட கருவாடும், சின்ன வெங்காயமும் கேட்டுப் பாருங்கள். ஓட்டலில் கிடைக்காது. யார் வீட்டிலாவது கேட்க வேண்டும்.

கீழக்கரைச் சாப்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். வெளியாள் சாப்பிட முடியுமா?

முடியும், ஆனால் உண்மையான விருந்து கடையில் இல்லை, கல்யாண வீட்டில் இருக்கிறது. கீழக்கரை பல நூற்றாண்டாகக் கப்பல் வியாபாரம் செய்த மரைக்காயர்களின் ஊர். இலங்கை, மலாயா, ஜாவா போய் வந்தவர்கள் துணியோடும் பீங்கானோடும் சமையலையும் கொண்டுவந்தார்கள். தொதல் என்று ஒரு தித்திப்பு, அரிசிமாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி மூன்றையும் மணிக்கணக்கில் கிண்டி எடுப்பது. மலேசியாவில், இந்தோனேசியாவில் ‘டோடோல்’ என்பார்கள், பெயரே வழியைச் சொல்லிவிடுகிறது. வட்டலப்பம் இலங்கையோடு பங்காளி. முட்டை, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஏலக்காய். நன்றாகச் செய்திருந்தால் கரண்டி போட்டதும் உள்ளே சின்னச் சின்னத் துளையோடு நடுங்கும். துபாயில் பிரெஞ்சுக்கார சமையல்காரர் ஒருவர் ‘க்ரெம் கேரமல்’ செய்துவிட்டுப் பெருமையாகக் காட்டுவார். எனக்கு வட்டலப்பம்தான் ஞாபகம் வரும், வாயைத் திறக்க மாட்டேன்.

விருந்துக்கு அழைத்தால் சகனில் உட்கார வைப்பார்கள். பெரிய தாலத்தில் நெய்ச்சோறும் கறியும் வைத்து, நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாலத்தில் சாப்பிடுவது. உங்கள் முன்னால் இருக்கிற பகுதியிலிருந்து மட்டும் எடுங்கள், வலது கையால். நல்ல கறித்துண்டை எதிரே இருப்பவர் உங்கள் பக்கம் தள்ளிவிடுவார். மறுக்கக் கூடாது, நீங்களும் ஒன்றைத் தள்ளிவிட வேண்டும்.

ரமலானில் வந்தால் நோன்புக்கஞ்சியோடு கடல்பாசி கேளுங்கள். கண்ணாடி மாதிரி அசையும் அந்தக் குளிர்ந்த வில்லையின் மூலப்பொருள், பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் முழங்கால் தண்ணீரிலும் முங்கியும் பறிக்கிற பாசிகளில் இருந்து எடுப்பது. மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி என்று அவர்களே பெயர் வைத்திருக்கிறார்கள்.

முக்கியமாக ஒன்று. இந்த வீடுகளுக்கு மது வாடையோடு போகாதீர்கள். இதை விளக்க வேண்டியதே இல்லை, ஆனாலும் ஒருமுறை விளக்க வேண்டியிருந்தது.

சரி, ஒயின்? இங்கே கிடைக்குமா?

நம் ஊரில் ‘ஒயின்ஷாப்’ என்பது ஒயினைத் தவிர எல்லாம் கேட்கப்படுகிற இடம். தமிழ்நாட்டில் 2003-லிருந்து சில்லறை மது விற்பனை முழுக்க அரசின் டாஸ்மாக் வழியாக மட்டும். பகல் 12 மணி முதல் இரவு 10 வரை. வயது 21 ஆகியிருக்க வேண்டும். குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, மே தினம், திருவள்ளுவர் தினம், மகாவீரர் ஜெயந்தி, மீலாது நபி, வள்ளலார் தினம் ஆகிய நாட்களில் மூடியிருக்கும். நட்சத்திர ஓட்டல்கள் எப்.எல்.3 உரிமம் வாங்கி பார் நடத்தலாம். ஆனால் ராமேஸ்வரம் கோயில் ஊர். அங்கே சாப்பாட்டு மேஜையில் ஒயின் லிஸ்ட் கேட்டால் சர்வர் தண்ணீர் பாட்டில் விலையைச் சொல்வார்.

ஒயினுக்காகப் பயணம் என்றால் நாசிக் போங்கள், பெங்களூர் பக்கம் போங்கள். தோட்டத்துக்குள்ளேயே உட்கார வைத்து ஊற்றித் தருவார்கள். இந்தக் கரைக்கு அதற்காக வராதீர்கள். பக்கத்தில் திராட்சையைப் பார்த்தாவது ஆக வேண்டுமென்றால் மதுரை வழியாகக் கம்பம் போகலாம். அங்கே விளைகிற பன்னீர் திராட்சைக்கும் 2023-இல்தான் புவிசார் குறியீடு வந்தது. உலகம் ‘மஸ்கட் ஹாம்பர்க்’ என்று சொல்கிற வகை அது.

வெளிநாட்டிலிருந்து வரும்போது நானே ஒரு பாட்டில் கொண்டுவந்தால்?

விமானத்தில் வருகிறவர் இரண்டு லிட்டர் வரை தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். பாண்டிச்சேரி, காரைக்காலில் மலிவு என்று வாங்கி வண்டியில் ஒளித்து வருவது குற்றம், சோதனைச்சாவடியில் மானம் போகும்.

கொண்டுவந்ததை எப்படிப் பார்த்துக்கொள்வது என்பது அடுத்த பிரச்சினை. நான் வேலையை விட்டு வரும்போது ஒரு நல்ல வெள்ளை ஒயின் கொண்டுவந்தேன். நாலு வருஷம் பிறருக்கு ஒயினைப் பாதுகாப்பது எப்படி என்று பாடம் எடுத்தவன். தம்பி குடும்பத்தோடு தனுஷ்கோடி போனோம், மே மாதம். பாட்டில் கார் டிக்கியில் இருந்ததை மறந்தே போனேன். சாயங்காலம் திறந்து பார்த்தால் கார்க் அரை அங்குலம் வெளியே தள்ளியிருந்தது, கழுத்தில் பிசுபிசுவென்று வழிந்த கோடு. வீட்டில் ஊற்றிப் பார்த்தேன், அவித்த ஆப்பிள் மணம், பின்னால் சப்பென்று ஒன்றுமில்லை. வெள்ளை ஒயின் 8 முதல் 12 டிகிரி, சிவப்பு 14 முதல் 18 டிகிரி குளிரில் பரிமாறுவது வழக்கம். இங்கே மே மாத நிழலே 35-ஐத் தாண்டும். ஐஸ்பெட்டி இல்லாமல் பாட்டிலை வண்டியில் வைக்காதீர்கள்.

கடற்கரையில் உட்கார்ந்து குடிக்கிற யோசனை வேண்டாம். குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினாலே வழக்கு. அதற்கு ஒன்றிரண்டு கிளாஸ் போதும்.

மீன் குழம்போடு எந்த ஒயின் சேரும்?

வெளியூரில் இருக்கிற நம்மவர்கள்தான் இதை அதிகம் கேட்பார்கள், அவர்கள் சமையலறையில் இரண்டும் இருக்கும்.

முதலில், சிவப்பு வேண்டாம். மீனும் சிவப்பு ஒயினும் சேர்ந்தால் வாயில் துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி ஒரு கவிச்சி வரும். ஒயினில் கரைந்திருக்கிற இரும்புதான் காரணம் என்று ஜப்பானில் ஆராய்ந்து சொல்லியிருக்கிறார்கள். சிவப்பில்தான் அது கூடுதலாக இருப்பது வழக்கம்.

இரண்டாவது, புளி. சாப்பாட்டின் புளிப்பைவிட ஒயினின் புளிப்பு குறைந்தால் ஒயின் தண்ணீராகிவிடும். நம் குழம்புப் புளிப்புக்கு ஈடுகொடுப்பது சுலபம் இல்லை. மூன்றாவது, காரம். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும். ஆக, ஆல்கஹால் குறைவு, புளிப்பு தூக்கல், லேசான தித்திப்பு. ரீஸ்லிங் என்கிற ஜெர்மன் வெள்ளை ஒயின் அப்படித்தான் இருக்கும். நாசிக்கின் செனின் பிளாங்க் என்கிற வெள்ளை, தித்திப்போடு வருவதும் பரவாயில்லை. வறுத்த நெத்திலிக்கு நுரைக்கிற ஒயின், அதை மட்டும் யார் கேட்டாலும் அடித்துச் சொல்வேன். தேங்காய்ப்பால் ஊற்றின கீழக்கரை வகைக் குழம்புக்குக் கொஞ்சம் கனமான வெள்ளை தாங்கும்.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால், மீன் குழம்புக்கு நன்னாரி சர்பத், எலுமிச்சை தூக்கலாக. இதைச் சொல்லி ஒரு பழைய சகாவின் நட்பையே இழக்கப் பார்த்தேன்.

ஒயினைச் சுவைப்பது எப்படி? அதை இங்கே எதில் பழகலாம்?

கிளாஸில் கால் பங்கு ஊற்றி நிறத்தைப் பார்ப்பது, சுழற்றுவது, மூக்கை உள்ளே விட்டு மணம் பிடிப்பது, ஒரு வாய் எடுத்து நாக்கு முழுக்கப் பரப்புவது, விழுங்கின பிறகு ருசி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுவது. அவ்வளவுதான். மீதியெல்லாம் சொல் அலங்காரம்.

பழகுவதற்கு இந்த ஊரில் பதநீரைவிட நல்லது இல்லை. போன மார்ச்சில் சாயல்குடியிலிருந்து நரிப்பையூர் போகிற வழியில் வண்டியை நிறுத்தினேன். ஆறரை மணி இருக்கும். பனையேறும் அண்ணாச்சி ஒருவர் இடுப்பில் அரிவாள் பெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தார். பனையோலையை மடித்துப் பட்டை பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். இரண்டு கையிலும் ஏந்தினால் ஓலையின் பச்சை வாசம் முதலில் வருகிறது. அவர் ஊற்றினது வெள்ளையாக, லேசாகக் கலங்கலாக இருந்தது, மேலே மூன்று எறும்பு மிதந்தது, ஊதித் தள்ளினேன். முதல் வாய் தித்திப்பு. அடுத்து கலயத்தில் தடவின சுண்ணாம்பின் லேசான காரல். அப்புறம், விழுங்கின பிறகு, ஈரமான மரப்பட்டை மாதிரி ஒரு மணம் தொண்டையில் நின்றது.

“இது நல்லாருக்கு அண்ணாச்சி” என்றேன்.

“இது அலகு. இந்தா, பருவத்தக் குடிச்சுப் பாருங்க” என்று இன்னொரு கலயத்திலிருந்து ஊற்றினார். அலகு என்றால் ஆண்பனை, பருவம் பெண்பனை. இரண்டாவது இன்னும் கெட்டி, தித்திப்பு நாக்கின் ஓரத்தில் ஒட்டியது. இரண்டு மரத்துக்கும் நடுவில் இருபது அடிகூட இருக்காது. இதைக் காட்டத் துபாயில் நாங்கள் ஒருவரிடம் ஐந்நூறு திர்ஹாம் வாங்குவோம்.

பதநீரைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும். வெயில் ஏற ஏறப் பொங்கத் தொடங்கும். பாட்டிலில் அடைத்து மூடிவைத்து மதியம் திறந்தால் சட்டை நனையும்.

அப்படியானால் கள்?

சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அதே சாறு நொதித்துக் கள். சுண்ணாம்பு நொதியை அடக்கிவைக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. தடையை எடுக்கச் சொல்லிப் பனைத் தொழிலாளர் பக்கம் நெடுநாளாகக் குரல் இருக்கிறது, அதில் நியாயம் இருப்பதாகத்தான் நானும் நினைக்கிறேன். ஆனால் தடை தடைதான். ஏறுகிறவரிடம் கேட்டு அவரைச் சங்கடத்தில் மாட்டிவிடாதீர்கள். மாட்டினால் பிடிபடப் போவது அவர், நீங்கள் ரயிலேறிவிடுவீர்கள்.

இந்தக் கரைக்கும் ஒயினுக்கும் சம்பந்தமே இல்லையா?

இருந்தது. ராமநாதபுரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில், வைகை கடலில் சேர்கிற பக்கம் அழகன்குளம் இருக்கிறது. 1986-இல் தொடங்கித் தமிழகத் தொல்லியல் துறை பல தடவை அங்கே தோண்டியிருக்கிறது. ரோமானிய நாணயம், கப்பல் கீறின பானை ஓடு, இவற்றோடு ஆம்போரா ஜாடிச் சில்லுகளும் கிடைத்தன. ஆம்போரா என்பது இரண்டு கைப்பிடியும் கூர்மையான அடியும் உள்ள நீண்ட ஜாடி. மத்தியதரைக் கடல் நாட்டுக்காரர்கள் ஒயினும் ஆலிவ் எண்ணெயும் கப்பலில் ஏற்றியது அதில்தான். புறநானூற்றின் 56-ஆம் பாட்டு, யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த ‘தண்கமழ் தேறல்’ என்று பாண்டியன் குடித்ததைச் சொல்கிறது. அவன் துறைமுகத்து மண்ணிலேயே அந்த ஜாடியின் உடைசல்.

14-ஆம் நூற்றாண்டில் வந்த இப்னு பதூதா, ‘பத்தன்’ என்ற துறைமுகத்தில் திராட்சை நிறைய, மாதுளை அருமை என்று எழுதினார். அது கீழக்கரைக்குப் பக்கத்தில் இருக்கிற பெரியபட்டினம்தான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. இன்று அங்கே போனால் தென்னையும் பனையும் வெள்ளாடும் இருக்கின்றன. திராட்சை, பழக்கடையில் தெர்மாகோல் பெட்டியில்.

ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசத்தில் தொல்லியல் துறை அருங்காட்சியகம் இருக்கிறது. சுவரோவியம் பார்க்கப் போகிறவர்கள் பானை ஓடுகள் பக்கமும் ஐந்து நிமிஷம் நில்லுங்கள்.

நாங்கள் சைவம். எங்களுக்கு என்ன?

ராமேஸ்வரம் கோயிலைச் சுற்றி எல்லாம் சைவ ஓட்டல்தான், பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஆனால் பனை உங்களுக்கும் பொது. பதநீர், நுங்கு, தவுண் (முளைவிட்ட பனங்கொட்டைக்குள் இருக்கிற வெள்ளைப் பருப்பு), மார்கழி தையில் அவித்த பனங்கிழங்கு, கருப்பட்டிக் காபி. மேலே சொன்ன சுவைபார்க்கிற வித்தை எல்லாம் அதில் செய்யலாம்.

தனுஷ்கோடியில் குடிசைக் கடைகளில் மீன் சாப்பிடலாமா?

சாப்பிடலாம். 1964 டிசம்பர் புயலில் ஊர் போன பிறகு அங்கே மிஞ்சியிருக்கிற மீனவக் குடும்பங்களின் பிழைப்பில் அதுவும் ஒன்று. மசாலா தடவி அடுக்கிவைத்ததைத் தவிர்த்து, தடவாததைக் காட்டச் சொல்லுங்கள். கண் பளபளவென்று இருக்க வேண்டும், செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். எண்ணெயில் போடுவதற்கு முன்னால் விலையைக் கேளுங்கள், போட்ட பிறகு கேட்பது வேறு கணக்கு. மாலைக்கு மேல் அங்கே இருக்க விடமாட்டார்கள், மதியச் சாப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதையாவது சாப்பிடக் கூடாதா?

ஆமைக் கறி, கடல் அட்டை, கடல்பசு. யாராவது ரகசியமாகக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். வனவிலங்குச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்டவை, வாங்கினவனுக்கும் சிறை. குழாய்த் தண்ணீர் பல இடத்தில் உவர்ப்பு, கேன் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஊருக்கு என்ன வாங்கிப் போகலாம்?

கருப்பட்டி, சாயல்குடிப் பக்கம். எட்டு லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ ஒட்டி வரும், அதனால் மிக மலிவாகக் கொடுத்தால் சீனி கலந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு வட்டை உடைத்துப் பாருங்கள். உடைந்த முகம் மங்கலாக, கரும்பழுப்பாக இருந்தால் நல்லது. கற்கண்டு மாதிரி மினுமினுத்தால் வைத்துவிடுங்கள். நாக்கில் ஒரு துணுக்கு வைத்தால் புகை வாசம் முன்னால் வர வேண்டும், உப்பு மாதிரி ஒன்று தட்டிவிட்டுப் பிறகுதான் தித்திப்பு.

குண்டு மிளகாய் ஒரு கிலோ. கீழக்கரைத் தொதல், நாலைந்து நாள் தாங்கும். மாசிக் கருவாடு, சம்பலுக்கு. நெத்திலிக் கருவாடும் வாங்கலாம், ஆனால் மூன்று பாலித்தீன் பையில் கட்டி, செய்தித்தாளில் சுற்றி, எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடுங்கள். மூன்றாவது பை வேண்டாம் என்று நினைத்த என் மச்சான் ஏசி பெட்டியில் மானாமதுரை தாண்டுவதற்குள் கதவுப் பக்கம் போய் நிற்க வேண்டியதாயிற்று.